ரோலர் கோஸ்டரில் நம்மைப் பிடித்து வைத்திருப்பது எது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். மகளோடு பூங்காவுக்குப் போய் ரோலர் கோஸ்டரில் ஏறியிருக்கிறீர்கள். வண்டியில் என்ஜின் இல்லை, ஓட்டுபவர் இல்லை, பிரேக் எங்கே என்றும் தெரியவில்லை. வளையத்தில் தலைகீழாகப் போனபோது, தோள்மேல் இறங்கிய அந்தக் கம்பி ஒன்றுதான் இருவர் உயிரையும் பிடித்திருக்கிறதோ என்று பதறிவிட்டீர்கள். இறங்கியதும் மகள் "அடுத்த தடவை கடைசி வரிசை" என்கிறாள். இது எப்படி ஓடுகிறது, யார் கண்டுபிடித்தார்கள், கடைசி வரிசையில் உட்கார வைக்கலாமா என்று மூன்று கேள்வி எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது "எங்களை எது பிடித்து வைத்திருந்தது?" என்ற ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை மையமாக வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு 14 ஆண்டுகள் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். கோஸ்டரை வடிவமைத்தவன் இல்லை. தினமும் காலையில் தண்டவாளத்தை ஒட்டி நடந்து போல்ட்டையும் சக்கரத்தையும் பார்த்தவன். நீங்கள் ஏறிய வண்டியை நான் பார்த்ததில்லை, அதனால் அது பத்திரமானதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பெரும்பாலான கோஸ்டர்களுக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டம். என்ஜின் வண்டியில் இல்லை, முதல் ஏற்றத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மோட்டார் நீளமான செயினைச் சுற்றுகிறது. வண்டியின் அடியில் உள்ள கொக்கி அதில் மாட்டிக்கொண்டு உச்சிக்குப் போகிறது. அங்கே கொக்கி விட்டதும் மோட்டாரின் வேலை முடிந்தது. ஏறிய உயரம்தான் வண்டியின் கையிருப்பு. இறக்கத்தில் உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது, அடுத்த மேட்டில் வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குகிறது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் உராய்வும் காற்றும் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் பின்னால் வரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கும். 30 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகம் வரும். 60 மீட்டர் இறங்கினால் 123. உயரம் இரண்டு மடங்கானால் வேகம் 1.4 மடங்குதான் ஆகும்.

பள்ளிக்கூடக் கணக்கில் வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. நடைமுறையில் உண்டு. காலை முதல் ஓட்டத்தில் வண்டி காலியாக இருக்கும், பேரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கும், மெதுவாகத்தான் வரும். மதிய வெயிலில், ஆள் நிறைந்து, சக்கரம் சூடான பிறகு அதே வண்டி அதே தண்டவாளத்தில் சில விநாடி முன்னதாக நிலையத்துக்கு வந்துவிடும். ஆள் ஏறினால் உந்தம் கூடுகிறது, காற்றின் தடை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, பிடித்து வைத்திருப்பது எது? இந்தக் கேள்வியே எழாத காலத்தில்தான் இந்த விளையாட்டு தொடங்கியது. ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம், குளிர்காலத்தில் மரச்சட்டங்களால் 20 மீட்டருக்கும் மேல் சரிவு கட்டி, தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, சறுக்குப் பலகையில் உட்கார்ந்து இறங்குவார்கள். பிடிமானம் எதுவும் கிடையாது. கீழே மணலைத் தூவி வேகத்தைக் குறைத்தார்கள். இன்றும் பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகளில் ரோலர் கோஸ்டருக்குப் பெயர் "ரஷ்ய மலைகள்". ரஷ்ய மொழியிலோ அதன் பெயர் "அமெரிக்கக் குன்றுகள்". யார் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விக்கு ஒரே பெயரைச் சொல்ல முடியாததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சக்கரம் எப்போது வந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ரஷ்யாவில் சக்கர வண்டி ஓடியது என்பவர்கள் உண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியது 1817: அந்த ஆண்டு பாரிஸில் இரண்டு சவாரிகள் திறந்தன. அவற்றில் ஒன்று பெல்வில் பகுதியில் இருந்தது. வண்டி தடத்தை விட்டு எழும்பாதபடி சக்கரத்தின் அச்சை ஒரு காடிக்குள் சிக்க வைத்திருந்தார்கள். வண்டியைத் தடத்தோடு பிணைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. நூறு ஆண்டுக்கு அப்புறம்தான் அது சரியாகக் கைகூடியது.

அமெரிக்காவில் இது வேறு வாசல் வழியாக வந்தது. பென்சில்வேனியாவின் மாக் சங்க் என்ற ஊரில் 1827-இல் சுரங்க நிலக்கரியை மலையிலிருந்து இறக்க ஒரு ரயில் பாதை போட்டார்கள். இறங்குவது வெறும் ஈர்ப்பு விசையால். காலி வண்டிகளை மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது தனி வண்டியில் ஏறித்தான் இறங்கின. நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே காசு கொடுத்து இறங்க ஆட்கள் வந்தார்கள். பிற்பாடு நிலக்கரி வேறு வழியில் போக ஆரம்பித்ததும், 1870-களில் அது முழுக்க உல்லாசப் பாதையாகவே ஆகிவிட்டது. அடுத்து 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் ஒரு சவாரியைத் திறந்தார். கட்டணம் 5 சென்ட், வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். சைக்கிளில் போகும் வேகம்கூட இல்லை. தடத்தின் முடிவில் எல்லாரும் இறங்க வேண்டும், ஆட்கள் வண்டியை மறு மேடைக்குத் தள்ளி ஏற்றுவார்கள், திரும்ப ஏறி உட்கார வேண்டும். தாம்சனைக் கோஸ்டரின் தந்தை என்கிறார்கள். என் பார்வையில் அவர் அதைத் தொழிலாக்கியவர். ஓரிரு ஆண்டுக்குள் மற்றவர்கள் தடத்தை வட்டமாக இணைத்து, இயந்திரத்தால் வண்டியை மேலே இழுத்தார்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் ஜான் மில்லர் என்ற அமெரிக்கக் கோஸ்டர் வடிவமைப்பாளர். பராமரிப்பில் இருந்தவர்கள் பலரும் இதை ஒப்புக்கொள்வார்கள். அவர் வருவதற்கு முன் வண்டிக்குத் தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரமும், பக்கவாட்டில் மரத்தை உரசிக்கொண்டு போகும் சக்கரமும்தான் இருந்தன. மேட்டில் வேகமாக ஏறினால் வண்டி அப்படியே எழும்பிப் போய்விடும். அதனால் வேகமும் உயரமும் ஓர் அளவைத் தாண்ட முடியவில்லை. இன்று இருப்பதிலேயே மிகப் பழைய கோஸ்டர், 1902-இல் பென்சில்வேனியாவின் அல்டூனாவில் கட்டிய லீப் தி டிப்ஸ், அந்த வகைதான். 1919-இல் மில்லர் தண்டவாளத்துக்குக் கீழேயும் ஒரு சக்கரம் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து கோஸ்டர் வண்டி தண்டவாளத்தின்மேல் ஓடுவதில்லை. தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. மேல் சக்கரம் எடையைத் தாங்கும், பக்கச் சக்கரம் திருப்பத்தில் பிடிக்கும், அடிச் சக்கரம் எழும்ப விடாது. அடுத்த முறை நிலையத்தில் வண்டி நிற்கும்போது குனிந்து பாருங்கள், மூன்றும் தெரியும். உங்களைப் பிடித்து வைத்திருந்ததில் முதல் பங்கு இந்த அடிச் சக்கரத்துக்கு. 1920-களில் கோஸ்டர்கள் திடீரென்று உயர்ந்ததும் செங்குத்தானதும் இதனால்தான். 1927-இல் கோனி ஐலண்டில் திறந்த சைக்ளோன் இன்னும் ஓடுகிறது.

ஏற்றத்தில் கேட்கும் "டக் டக்" சத்தமும் மில்லரின் கைவண்ணம். செயின் அறுந்தால் வண்டி பின்னோக்கி வராமல் இருக்க, தண்டவாள நடுவில் பல் வரிசை ஒன்று இருக்கும். வண்டியின் அடியில் உள்ள இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லாக ஏறி விழுந்துகொண்டே போகும். சைக்கிள் ஃப்ரீவீலில் ஒரு பக்கம்தான் சுற்றும் அல்லவா, அதே தத்துவம். பயணிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். எனக்கு அது கேட்கும்வரை நிம்மதி. 1972 மே மாதம் லண்டன் பேட்டர்சி பூங்காவில் இழுக்கும் கம்பிவடத்திலிருந்து ஒரு வண்டி கழன்றது. தடுக்க வேண்டிய இந்தப் பல் தடுக்கவில்லை. வண்டி பின்னோக்கி உருண்டு நொறுங்கியதில் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். இந்த இரும்பு நாக்கின் ஸ்பிரிங்கை மாதா மாதம் கழற்றிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அந்த விபத்து என் நினைவில் இருந்தது.

இனி வளையம். சின்ன வயதில் தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி வேகமாகச் சுற்றியிருப்பீர்கள். தலைக்கு மேலே வாளி கவிழ்ந்தாலும் தண்ணீர் கொட்டாது. தண்ணீர் நேராகப் போகப் பார்க்கிறது, வாளி அதன் பாதையை வளைத்துக்கொண்டே இருக்கிறது. வளையத்தின் உச்சியில் உங்கள் இருக்கைதான் அந்த வாளி. போதிய வேகம் இருக்கும்போது அங்கே நீங்கள் தோள் கம்பியில் தொங்குவதில்லை. இருக்கை உங்களை அழுத்திக்கொண்டிருக்கிறது. நினைவுபடுத்திப் பாருங்கள், தலைகீழாக இருந்த அந்த நொடியில் கம்பியைவிட இருக்கைதான் உடம்பில் பட்டிருக்கும். அதற்காகக் கம்பி தேவையில்லை என்று சொல்லவில்லை. மேட்டின் உச்சியில் உடம்பு எழும்பும்போதும், மெதுவாக முறுக்கித் திருப்பும் இடங்களிலும், ஏதோ காரணத்தால் வண்டி நடுவில் நின்றாலும், கம்பிதான் தாங்க வேண்டும். அதனால்தான் இன்றைய வண்டிகளில் அதற்கு ஒன்றுக்கு இரண்டு பூட்டு இருக்கும், பயணியால் திறக்கவும் முடியாது.

வளையம் ஏன் முழு வட்டமாக இல்லாமல் கவிழ்த்த கண்ணீர்த்துளி மாதிரி இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1895-இல் கோனி ஐலண்டில் ஃபிளிப் ஃபிளாப் என்ற கோஸ்டரில் சரியான வட்ட வளையம் வைத்தார்கள். விட்டம் எட்டு மீட்டர்கூட இல்லை. ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வட்ட வளையத்தில், உராய்வை விட்டுவிட்டால், உச்சியில் உடம்பு உணரும் அழுத்தத்துக்கும் அடியில் உணரும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 6 ஜி. அதாவது உங்கள் எடையைப் போல ஆறு மடங்கு. வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இது மாறாது. உச்சியில் மயிரிழையில் தப்புகிற வேகத்தில் போனாலே அடியில் 6 ஜி. அதோடு சமதளத்திலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த கணமே அது அறைந்த மாதிரி வருகிறது, கழுத்து தயாராக நேரமே இல்லை. ஃபிளிப் ஃபிளாப்பில் 12 ஜி இருந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அன்று அளக்கும் கருவி வண்டியில் இல்லாததால் அந்த எண்ணை நான் உறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. 1901-இல் நீள்வட்டமாக்கிப் பார்த்தார்கள். வலி குறைந்தது, ஆனால் ஒரு நேரத்தில் மிகச் சிலரைத்தான் ஏற்ற முடிந்தது, தொழில் கட்டுப்படியாகவில்லை. அப்புறம் வளையம் என்ற பேச்சே பல பத்தாண்டுகளுக்கு அடங்கிப்போனது.

அதற்குள் 1930-களின் பொருளாதார மந்தத்தில் பூங்காக்கள் மூடின, மரக் கோஸ்டர்கள் நூற்றுக்கணக்கில் விறகாயின. மீட்சி 1959-இல் டிஸ்னிலேண்டில் தொடங்கியது. அங்கே மேட்டர்ஹார்ன் என்ற சவாரிக்கு ஆரோ நிறுவனம் உருளை வடிவ எஃகுக் குழாயைத் தண்டவாளமாக வளைத்தது. மரத்தை அடுக்கி ஆணியடித்துக் கொண்டுவர முடியாத வளைவையெல்லாம் குழாயில் கொண்டுவரலாம். 1975-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் திருகு வடிவத் தடம் ஒன்று மக்களைத் தலைகீழாக்கியது; அடுத்த ஆண்டே அதே மாநிலத்தின் மேஜிக் மவுன்டனில் முழு செங்குத்து வளையம் வந்தது. ஜெர்மனியின் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப் கட்டியது, கணக்குப் போட்டவர் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல். அவர் எடுத்துக்கொண்ட வளைவு புதியதல்ல. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் நேர்கோட்டிலிருந்து திருப்பத்துக்கு மெல்ல மாற ஏற்கெனவே பயன்படுத்தி வந்த குளோத்தாய்டு என்ற வளைவு. அடியில், வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில், வளைவு அகலமாக இருக்கிறது; மேலே போகப் போக, வேகம் குறையக் குறைய, இறுகுகிறது. அழுத்தம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்குகிறது. நீங்களும் மகளும் கழுத்து வலியில்லாமல் இறங்கியதற்கு இந்த வளைவுதான் காரணம்.

உயரப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஆசை இல்லை. 1989-இல் சீடர் பாயின்ட் என்ற அமெரிக்கப் பூங்காவின் மேக்னம் கோஸ்டர் 60 மீட்டரைத் தாண்டியது; 2005-இல் நியூஜெர்சியின் கிங்டா கா 139 மீட்டரைத் தொட்டது. அதில் செயின் கிடையாது, ஹைட்ராலிக் அழுத்தத்தால் வண்டியை எறிந்து சில விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டருக்குக் கொண்டுபோவார்கள். உந்தம் கொஞ்சம் குறைந்தால் உச்சியை எட்டாமல் பின்னோக்கி இறங்கிவிடும், அதை வாங்கிக்கொள்ளத் தடத்திலேயே பிரேக் எழும்பி நிற்கும். 2024-இல் அதை மூடி, அடுத்த பிப்ரவரியில் வெடிவைத்துச் சாய்த்தார்கள்.

பிரேக் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். தேரோட்டம் பார்த்திருப்பீர்கள், தேரில் பிரேக் கிடையாது, கீழே முட்டுக்கட்டையோடு நிற்பவர்கள்தான் அதை நிறுத்துகிறார்கள். கோஸ்டரும் அப்படித்தான், பிரேக் தடத்தில் இருக்கிறது. மெல்போர்னில் 1912 முதல் ஓடும் மர கோஸ்டரில் மட்டும், அதைப் போன்ற மிகச் சில பழைய கோஸ்டர்களில், இன்றும் பிரேக் பிடிக்கும் ஆள் வண்டியிலேயே நின்றுகொண்டு வருகிறார். மற்றவற்றில் வண்டியின் அடியில் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். தடத்தில் உள்ள இரு தாடைகள் அதைக் கவ்வும். தாடையை மூடுவது ஸ்பிரிங், திறப்பது காற்றழுத்தம். மின்சாரம் போனாலும் காற்றுக் குழாய் வெடித்தாலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். புதியவற்றில் காந்தம் உண்டு. செம்புக் குழாய்க்குள் வலுவான காந்தம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஏதோ எண்ணெயில் மூழ்குவதுபோல மெதுவாக இறங்கும். அதே விசைதான் வண்டியையும், உரசாமலே, மின்சாரமே இல்லாமல் மெதுவாக்குகிறது. வேகம் குறையக் குறைய அந்த விசையும் குறையும் என்பதால் முழுதாக நிறுத்த மட்டும் தாடை வேண்டும்.

தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்று வைத்திருப்பார்கள். முன்னால் உள்ள பகுதி காலியாகாதவரை பின்னால் வரும் வண்டியைக் கணினி பிடித்து நிறுத்திவிடும். ரயில்வே சிக்னலின் அதே முறை. 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில், காற்று வீசிய ஒரு நாளில், சோதனைக்கு விட்ட காலி வண்டி நடுவில் ஒரு பள்ளத்தில் நின்றுவிட்டது. முன்னால் சொன்னேனே, காலி வண்டி மெதுவாக வரும் என்று. கணினி அடுத்த வண்டியைச் சரியாகவே நிறுத்தியது. அது தவறான எச்சரிக்கை என்று நினைத்த ஊழியர்கள் தடையை நீக்கி, 16 பேர் இருந்த வண்டியை அனுப்பினார்கள். இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். பூங்காவின் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். மில்லரின் சக்கரமோ ஸ்டெங்கலின் வளைவோ அன்று தோற்கவில்லை. ஏன் நின்றது என்று கண்ணால் போய்ப் பார்க்காமல் பொத்தானை அழுத்தியதுதான் தோற்றது. எங்கள் பூங்காவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்சார் ஒன்று வண்டியை நிறுத்தியது. வரிசையில் நானூறு பேர், மேலாளர் அவசரப்படுத்தினார். நடந்து போய்ப் பார்த்தோம். சென்சாரில் இலை ஒட்டிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. நாற்பது நிமிடம் போனது. இன்று அதே நிலை வந்தாலும் நடந்துபோய்தான் பார்ப்பேன்.

தினசரி வேலை பெரிதாகத் தெரியாதது. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருப்போம்; கோடு விலகியிருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது. சக்கரத்தின் பாலியூரிதேன் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்போம். ஓடும்போது சத்தம் மாறினால் பேரிங். முதல் ஓட்டம் காலியாக, அடுத்தது மணல் மூட்டையோடு, அப்புறம் எங்களில் இருவர் ஏறி, அதற்குப் பிறகுதான் டிக்கெட். நீங்கள் போகும் பூங்காவில் காலையில் காலி வண்டி ஓடுவதைப் பார்த்தால், அந்த வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதை வைத்து மற்ற எல்லாம் சரி என்று முடிவு கட்ட முடியாது.

கடைசி வரிசைக்கு வருகிறேன். உயர அளவுகோலில் மகள் தேறினால் உட்கார வைக்கலாம். அந்த அளவுகோல் தைரியத்தை அளப்பது இல்லை. கம்பி தொடையையும் இடுப்பையும் சரியாகப் பிடிக்குமா என்று பார்ப்பது. எனவே ஓர் அங்குலம் குறைந்தாலும் கெஞ்சிக் கேட்காதீர்கள். இதயக் கோளாறு, கழுத்து முதுகுப் பிரச்சினை, கர்ப்பம் என்றால் ஏற வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை. மற்றபடி முன் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் வித்தியாசம் உண்மையானது. வண்டியின் நடுப்பகுதி உச்சியைக் கடக்கும்போதுதான் வேகம் மிகக் குறைவு. முன்வரிசை உச்சியை மெதுவாகத் தாண்டிச் சற்று நேரம் விளிம்பில் தொங்கும். கடைசி வரிசை உச்சிக்கு வருவதற்குள் முன்பாதி இறங்க ஆரம்பித்து இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் இருக்கையை விட்டு உடம்பு எழும்புவது அங்கேதான் அதிகம். தலையை இருக்கையின் பின்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்றத்தில் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும் டக் டக் திடீரென்று வேகமெடுக்கும். அப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டால் சரியாக இருக்கும்.